மாப்பிள்ளையின் ரத்தம்

அந்தச் சேவலுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். காரணத்தை மட்டும் எல்லோரும் ஒன்றாகத்தான் சொல்வார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு வந்துவிட வேண்டும், ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டான், வருகிறவர் போகிறவரையெல்லாம் முறைப்பான், கிட்டே போனால் கொத்துவான். வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அவன் குடியிருந்தது ஒரு சோதனைக்கூடத்தின் கீழ்த்தளத்தில், விலங்கு அறையில். மருத்துவமனைகளிலிருந்து வரும் காய்ச்சல்காரர்களின் தொண்டைச் சளியைச் சோதித்து, ஃப்ளூவா இல்லையா என்று சொல்வதுதான் அந்தக் கூடத்தின் வேலை. மேல்மாடியில் மேசைகளும் மைக்ரோஸ்கோப்பும் குளிர்பெட்டிகளும். கீழே வரிசையாகக் கூண்டுகள். அதில் கொஞ்சம் கினிப்பன்றிகள், கொஞ்சம் முயல்கள், ஓரமாக ஜன்னல் பக்கம் தனிக் கூண்டில் மாப்பிள்ளை.

கீழே எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டவர் கூண்டுக்காரர். மேலே சோதனை செய்தவள் அவருடைய மனைவி. எந்நேரமும் குழிகள் வைத்த பிளாஸ்டிக் தட்டும் கையுமாகத் திரிந்ததால் அவளுக்கு பிளேட்டக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்குவார்கள். அவர் படி இறங்குவார், இவள் படி ஏறுவாள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியாயிற்று. மகளைக் கட்டிய நிஜ மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால்கூட இந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார், கீழே இருக்கிறவனுக்கு மட்டும் தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுகிறார் என்பது பிளேட்டக்காவின் நெடுநாள் புகார்.

மாப்பிள்ளை செய்த ஒரே வேலை ரத்தம் கொடுத்தது. வாரம் ஒருமுறை பிளேட்டக்கா வெள்ளைக் கோட்டும் ஊசியுமாகக் கீழே இறங்குவாள். இறக்கையின் அடியில் ஓடும் நரம்பில்தான் எடுக்க வேண்டும். ஊரையே கொத்துகிற அந்தச் சேவல், வெள்ளைக் கோட்டைக் கண்டதும் இடது இறக்கையைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும்.

"பாத்தியா, உன்மேல எவ்வளவு மரியாதை!" என்பார் கூண்டுக்காரர்.

"மரியாதையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. சீக்கிரம் எடுத்துட்டு நடையக் கட்டுன்னு சொல்றான்" என்பாள் அவள்.

அந்த ரத்தம் எதற்கு என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது ஒன்றும் புரியாது. ஃப்ளூ வைரஸின் உடம்பு முழுக்க முள் முளைத்த மாதிரி இரண்டு வகைப் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று பிடிக்கிற கை, மற்றது வெட்டுகிற கத்தரி. நம் தொண்டையில் இருக்கும் செல்களின் மேல் ஒரு வகைச் சர்க்கரை துருத்திக்கொண்டிருக்கிறது. கை அதைப் பிடித்துத் தொங்கும். தொங்கினால் போதும், மீதியைச் செல்லே செய்துவிடும். ஏதோ நல்ல சாமான் வந்திருக்கிறது என்று அதைச் சின்னப் பையாகச் சுற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போகப் போக அந்தப் பைக்குள் புளிப்பு ஏறும். புளிப்பு பட்டதும் அதே கை மடக்குக் கத்தி மாதிரி படக்கென்று விரிந்து பையின் சுவரில் பாயும், வைரஸின் தோலையும் பையின் தோலையும் இழுத்து ஒன்றாக்கிவிடும். வைரஸின் சரக்கு செல்லுக்குள் கொட்டிவிடும். அதற்கப்புறம் அந்தச் செல் தன் சொந்த வேலையை மறந்து, வைரஸுக்குப் பிள்ளை பெற்றுப் போட உட்கார்ந்துவிடும்.

பிறந்த குட்டிகள் வெளியே கிளம்பும்போது அவற்றின் கையும் வாசல் சர்க்கரையிலேயே மாட்டிக்கொள்ளும். அப்போதுதான் கத்தரிக்கு வேலை. அது சர்க்கரையை நறுக்கிவிட்டால் குட்டிகள் அடுத்த செல்லைத் தேடிப் போய்விடும். கை மட்டும் இருந்தால் வந்த இடத்திலேயே சிக்கிக் கிடக்கும், கத்தரி மட்டும் இருந்தால் எங்கேயும் நுழையவே முடியாது. படுபாவிக்கு இரண்டும் வாய்த்திருக்கிறது.

இந்தச் சர்க்கரை கோழியின் ரத்த அணுக்கள் மேலும் உண்டு. அங்கேதான் மாப்பிள்ளை வருகிறான். அவன் ரத்தத்தைக் கழுவி, உப்புநீரில் கலந்து, தட்டின் குழிகளில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, சோதிக்க வேண்டிய திரவத்தையும் சேர்த்து வைத்தால், அரை மணி நேரத்தில் பதில் வந்துவிடும். வைரஸ் இல்லையென்றால் ரத்தம் குழியின் அடியில் இறங்கிச் சின்னச் சிவப்புப் பொட்டாகக் கூடும். வைரஸ் இருந்தால் அது பக்கத்துக்கு ஒரு ரத்த அணுவைப் பிடித்துக்கொண்டு வலை பின்னிவிடும். ரத்தம் இறங்க முடியாமல் குழி முழுக்க மெல்லிசாக விரிந்து நிற்கும். பொட்டு விழுந்தால் இல்லை, விரிந்தால் இருக்கிறது. பிளேட்டக்காவின் பிழைப்பு மொத்தமும் அவ்வளவுதான்.

அந்த வருஷம் குளிர் தொடங்கியதும் ஊரே இருமியது. பஸ்ஸில் இருமினார்கள், வங்கியில் இருமினார்கள், சோதனைக்கூடத்து வாசல்காரன் இருமிக்கொண்டே கதவைத் திறந்தான். மருத்துவமனையிலிருந்து பெட்டி பெட்டியாகச் சளி மாதிரிகள் வந்தன. பிளேட்டக்கா ஒவ்வொன்றையும், குடுவையில் வளர்த்து வைத்திருக்கும் செல்களின் மேல் ஊற்றினாள். சில நாளில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் உருண்டு, சுருங்கி, கொத்துக் கொத்தாகச் செத்து மிதந்தன. ஏதோ ஒன்று உள்ளே புகுந்து துவம்சம் செய்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரிந்தது. அந்தத் திரவத்தை எடுத்து மாப்பிள்ளை ரத்தத்தோடு தட்டில் வைத்தாள். பொட்டு. அடுத்ததை வைத்தாள், பொட்டு. தட்டு முழுக்கப் பொட்டு, மறுநாள் தட்டிலும் பொட்டு.

டாக்டரம்மா வந்து தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கூடத்துக்கே பொறுப்பு அவர்தான். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"செல்லெல்லாம் இப்படிச் செத்துக்கிடக்கு, தட்டுல ஒண்ணுமே இல்லேன்னு வருது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுதும்மா."

"தட்டு என்ன பண்ணும் மேடம்? நான் வெச்ச கை சுத்தம்" என்றாள் பிளேட்டக்கா. யாரும் அவள் கையைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. "ரத்தம்தான் சரியில்ல. மாப்பிள்ளைக்கு வயசாயிடுச்சு."

யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்தது. ஆனால் டாக்டரம்மா தலையை ஆட்டினார். கிழட்டுப் பறவையின் ரத்தத்தில் வீரியம் குறைவது நடக்கக்கூடியதுதானே. வேறு இளஞ்சேவல் ஒன்றுக்குச் சொல்லிவிட்டார். வாரக் கடைசிக்குள் பழையதை முடித்துவிட வேண்டும் என்றார்.

அந்த அறைக்குள் வந்த விலங்கு உயிரோடு வெளியே போகக் கூடாது, அதுதான் விதி. யாருக்கும் கொடுக்கக் கூடாது, விற்கக் கூடாது. கூண்டுக்காரரே மயக்க மருந்து கொடுத்து, வலி தெரியாமல் முடித்து, எரிக்கிற உலையில் போட்டுவிட வேண்டும். முயல்களுக்கும் கினிப்பன்றிகளுக்கும் அவர் எத்தனையோ முறை செய்ததுதான். அன்றைக்கெல்லாம் வீட்டில் பேச்சே இருக்காது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒவ்வொரு தட்டிலும் ஒரு வரிசை, நிச்சயமாக ஃப்ளூ என்று தெரிந்த பழைய வைரஸை வைத்துப் பார்க்க வேண்டும். கன்ட்ரோல் வரிசை என்பார்கள். அந்த வரிசை விரிந்தால் ரத்தம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பழைய வைரஸ் குளிர்பெட்டியில் சின்னச் சின்னக் குழாய்களில் இருந்தது, தீர்ந்துகொண்டே வந்தது, கேட்டால் புதிது வர ஒரு யுகம் ஆகும். பிளேட்டக்காவின் கை வீட்டில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பழகியது. குளிர்காலம் முழுக்கத் தாங்க வேண்டுமே என்று பிளேட்டக்கா கொஞ்ச நாளாக அந்த வரிசையை வைப்பதையே விட்டிருந்தாள். சிக்கனம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தாள்.

சாயங்காலம் சமையலறையில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூண்டுக்காரர் வாசற்படியில் வந்து நின்றார்.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படிச் சொன்ன?"

"உங்களைக் கேட்டா என்ன சொல்வீங்க? அவன் ராஜா, மந்திரின்னுவீங்க."

"ரத்தம் நல்லாத்தான் இருக்கு. தினம் பாக்குறவன் நான். கொண்டை வெளுக்கல, தீனி குறையல, கொத்துறது குறையல."

"கொண்டையப் பாத்து ரத்தத்தைச் சொல்றதுக்கு நீங்க என்ன ஜோசியரா?"

"அப்போ உன் கைதான் சரியில்ல."

கத்தி நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவளை என்னென்னவோ சொல்லியிருக்கிறார். சமையலைச் சொல்லியிருக்கிறார், வாயைச் சொல்லியிருக்கிறார், அவள் அண்ணன்மாரையெல்லாம் ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறார். கையைச் சொன்னதில்லை.

"என் கையப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினீங்க, நல்லா இருக்காது."

"சரி, பேசல" என்றார் அவர். சொன்னபடியே பேசவில்லை. கையைப் பற்றியும் பேசவில்லை, வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. அவளும் விட்டுக்கொடுக்கிற ஜாதி கிடையாது. சாப்பாடு எடுத்து வைத்திருப்பதைச் சுவரிடம் சொன்னாள், ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் இல்லை என்பதை அவர் ஜன்னலிடம் சொன்னார். மாப்பிள்ளையை வேறு யாராவது முடிக்கட்டுமே, நீங்கள் லீவு போடுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. சுவரிடம் சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை.

வாரக் கடைசி வந்தது. மத்தியானம் கூண்டுக்காரர் மேல்மாடிக்கு வந்து, டாக்டரம்மா மேசைக்கு முன்னால் நின்று, "முடிஞ்சுது மேடம்" என்றார். அவ்வளவுதான். பிளேட்டக்காவின் பக்கம் திரும்பாமலே படி இறங்கிவிட்டார். ஒரு சேவலுக்குப் போய் என்ன, ஊரில் தினமும் எத்தனை சேவல் சாகிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். அடுத்த குழியில் இரண்டு சொட்டு விழுந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவருக்குக் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்தது, கை கால் முறித்துப் போட்ட மாதிரி வலி, தொண்டை கட்டிக்கொண்டு குரலே வரவில்லை. பிளேட்டக்கா கூடத்திலிருந்து பஞ்சுக் குச்சி எடுத்துவந்தாள்.

"வாயத் திறங்க" என்றாள். சண்டைக்குப் பிறகு அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

அந்தச் சளியும் மற்றவர்களுடையதைப் போலக் குடுவைக்குப் போனது. செல்கள் மற்றவற்றைப் போலவே உருண்டு செத்தன. மாப்பிள்ளையிடமிருந்து கடைசியாக எடுத்து வைத்த ரத்தத்தில் மிச்சமிருந்ததைப் போட்டுப் பார்த்தாள். பொட்டு.

"உங்களுக்கு ஃப்ளூ இல்லியாம்" என்றாள் வீட்டுக்கு வந்து.

அவர் போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "அப்படியா? அப்போ நான் நடிக்கிறேன்னு வெச்சுக்கோ."

காய்ச்சல் மெல்லத் தணிந்தது, இருமல் விடவில்லை. லீவு நீண்டது. பகலில் மொட்டைமாடியில் போய் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார். வெயில் பட்டால் உடம்புக்கு நல்லதாம். அவள் வேலையிலிருந்து திரும்பும் நேரத்திலும் மாடியில்தான் இருந்தார். கூப்பிட்டால் இருமல் சத்தம் மட்டும் இறங்கிவந்தது. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அதுதான் மாடி ஏறி உட்கார்ந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள். துவைக்கப்போட்ட சட்டைப் பையில் தானியம் கிடந்தது. அந்தச் சட்டைகளில் எப்போதுமே கிடக்கும், உதறிவிட்டுத் துவைத்தாள்.

ஒருநாள் விடியும் வேளையில் சேவல் கூவுவது கேட்டு எழுந்து உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்தில் யாரும் கோழி வளர்ப்பதாக அவளுக்குத் தெரியாது.

"என்னங்க, கேட்டுச்சா?"

"என்ன?"

"சேவல்."

"காய்ச்சல் எனக்கா உனக்கா?" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்தார்.

பாவம் செய்தவள் காதில்தான் கூவும் போலிருக்கிறது என்று நினைத்தாள். அதற்கப்புறம் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

புதுச் சேவல் வந்து சேர்ந்தது. வாட்டசாட்டமான இளவட்டம், கொண்டை பழுத்த மிளகாய் நிறம். தற்காலிகமாகக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ள வந்தவன் அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிளேட்டக்கா ஊசி போட்டபோது அது கத்திய கத்தல் மேல்மாடி வரை கேட்டது. இறக்கையைத் தூக்கிக் கொடுக்க இது என்ன அவனா?

புது ரத்தத்தைக் கழுவித் தட்டில் வைத்துவிட்டு அவளும் டாக்டரம்மாவும் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். அரை மணி ஆயிற்று. பொட்டு, பொட்டு, பொட்டு.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இளம் ரத்தம். இதுலயும் பொட்டு. அப்போ வயசு காரணம் இல்ல." தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கன்ட்ரோல் வரிசை எங்கம்மா?"

பிளேட்டக்கா குளிர்பெட்டிப் பக்கம் பார்த்தாள். "இன்னிக்கு... வெக்கல மேடம். குழாய் கொஞ்சம்தான் இருக்கு."

"இப்போ வைங்க."

வைத்தாள். பழைய வைரஸ் புதுச் சேவலின் ரத்தத்தைப் பிடித்துக்கொண்டு அழகாக விரிந்தது, ஒரு குறையும் இல்லாமல். பக்கத்து வரிசையில் இந்த வருஷத்து மாதிரிகள் எல்லாம் பொட்டுப் பொட்டாகக் கிடந்தன.

"ரத்தம் நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "வைரஸுதான் மாறியிருக்கு. வருஷா வருஷம் அந்தக் கையோட வடிவம் கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கிட்டே வரும்ல, இந்தத் தடவை எங்கயோ ஒரு விரல் மாறிப்போச்சு. மனுஷன் தொண்டையில இருக்கிற சர்க்கரைய நல்லாப் பிடிக்குது, கோழி ரத்தத்துல இருக்கிறத அதால பிடிக்க முடியல. எந்தக் கோழி ரத்தத்தக் கொண்டுவந்தாலும் இதான் நடக்கும். கீழ கினிப்பன்றி இருக்கில்ல? வாங்க."

கினிப்பன்றிக்குப் பெயரில்தான் பன்றி, ஆள் கொழுத்த எலி. டாக்டரம்மாவே கீழே வந்து அதைத் தடவிக்கொடுத்து ரத்தம் எடுத்தார். முதல் குழியில் எதை வைக்கலாம் என்று பிளேட்டக்கா குழாய்களைத் தேடினாள், கையில் கிடைத்தது அவள் புருஷனின் சளி ஊற்றி வளர்த்த திரவம்தான். அதை வைத்தாள். மற்றவற்றையும் வைத்தாள். கண்ணெதிரே முதல் குழி விரிந்தது. அடுத்தது விரிந்தது. சாயங்காலத்துக்குள் தட்டு முழுக்க விரிந்து கிடந்தது. ஊர் முழுக்க ஃப்ளூ, அவர் உடம்பிலும் அதே ஃப்ளூ, அவள்தான் இத்தனை நாளும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டரம்மா ஃபோனை எடுத்து மருத்துவமனைக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டு வைத்தார். பிறகு கொஞ்ச நேரம் கீழே போகும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பழைய சேவல்மேல ஒரு தப்பும் இல்ல. முடிச்சிடுங்கன்னு சொன்னது நான். அவர்கிட்ட நானே நேர்ல வந்து சொல்லணும்மா. வீட்டுக்குப் போலாமா?"

வேண்டாம் என்று சொல்ல பிளேட்டக்காவால் முடியவில்லை. வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் காரில் ஏறி உட்கார்ந்தாள். வழி முழுக்க ஒரே கணக்குத்தான் மனதில் ஓடியது. அன்றைக்கு அந்த ஒரு வரிசையை வைத்திருந்தால், ஒரே ஒரு குழாயைத் திறந்திருந்தால், அரை மணி நேரத்தில் அவன் ரத்தம் விரிந்து காட்டியிருக்கும். கொண்டையைப் பார்த்து அவர் சொன்னதை, தட்டு வைத்தே அவள் தெரிந்துகொண்டிருக்கலாம். ஒரு உயிரை, அவர் கையாலேயே, அவள் கொன்றிருக்கிறாள். குழாயைச் சேமிக்கப் போய்.

கூண்டுக்காரர் முன்னறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மாவைப் பார்த்ததும் பதறி எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"உக்காருங்க, உக்காருங்க. உடம்பு எப்படி இருக்கு? உங்களுக்கு ஃப்ளூதான், இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார் டாக்டரம்மா. நாற்காலி நுனியில் உட்கார்ந்தவர், வளைத்துப் பேசாமல் எல்லாவற்றையும் சொன்னார். வைரஸ் மாறியது, புதுச் சேவலிலும் பொட்டு விழுந்தது, கினிப்பன்றி ரத்தத்தில் விரிந்தது. "உங்க சேவல் ரத்தம் நல்ல ரத்தம். நான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க."

"நீங்க இல்ல மேடம்" என்று பிளேட்டக்கா குறுக்கே புகுந்தாள். குரல் கீச்சென்று வந்தது. "நான்தான். கன்ட்ரோல் வரிசை வெக்கிறத நான் கொஞ்ச நாளாவே விட்டுட்டேன். குழாய் மிச்சம் பிடிச்சேன். ஒரு தடவை வெச்சிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். வெக்காமலே அவன்மேல பழியப் போட்டேன்." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொன்னது நிஜந்தாங்க. என் கைதான் சரியில்ல."

அவள் அழுது அவர் அதிகம் பார்த்ததில்லை. கூண்டுக்காரர் அவளைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். ஒரு இருமல் வந்தது, அது முடியும் வரை இருமினார். பிறகு எழுந்து நின்றார்.

"மேடம், நானும் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு முடிஞ்சுதுன்னு சொன்னேன்ல. முடிக்கல."

"என்னது?"

"கோட்டையும் மாட்டிக்கிட்டு மருந்த ஊசியில ஏத்திட்டேன். கூண்டத் திறந்தேன். அவன் ஊசியப் பாத்தான். பாத்துட்டு..." மீதியைச் சொல்லாமல் கையை வீசினார். "என்னால முடியல மேடம். மரத்தூள் மூட்டைக்குள்ள வெச்சு வெளிய கொண்டுவந்துட்டேன். மேல தண்ணித் தொட்டி ரூம்ல இருக்கான்."

பிளேட்டக்காவுக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இந்த மனுஷனுக்கு வேலை போய்விட்டது, ஓய்வூதியம் போய்விட்டது என்று ஒரு பயம். அதற்குப் பின்னால் மெதுவாக இன்னொன்று எழுந்தது: விடிகாலையில் கூவியது அவள் பாவமில்லை, நிஜச் சேவல்.

"இத்தனை நாளா அது கூடவே இருந்தீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா. "இந்த இருமலோட?"

"ஆமா மேடம்."

"அது இருமுச்சா? சோர்ந்து படுத்துச்சா?"

"அவனா? நேத்துகூட என் கட்டை விரலக் கொத்தினான்."

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. "வாசலத் தாண்டின விலங்கு திரும்ப உள்ள வர முடியாது. அது உங்களுக்கே தெரியும். நீங்க பண்ணினத நான் மேலிடத்துக்குச் சொல்லியாகணும், மறைக்க மாட்டேன். வேலை போகாமப் பாத்துக்கிறேன், ஆனா விலங்கு அறை இனிமே உங்களுக்குக் கிடையாது. வேற எங்கயாவது போடுவாங்க, வாசல்ல காவலுக்குக்கூடப் போடுவாங்க."

"போடட்டும் மேடம்."

"சேவலு..." என்று இழுத்தார் டாக்டரம்மா. "அது செத்துப்போச்சுன்னு நீங்கதான் சொல்லிட்டீங்களே. செத்ததத் திரும்பச் சாகடிக்கச் சொல்லி எந்த விதியிலயும் இல்ல. நான் ஒரு தடவை பாக்கலாமா?"

மூவரும் மாடி ஏறினார்கள். அவர் மூச்சு வாங்க முன்னால் போனார், டாக்டரம்மா நடுவில், பிளேட்டக்கா கடைசியில். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பழைய பெயிண்ட் டப்பாக்களும் குழாய்த் துண்டுகளும் போட்டு வைக்கும் சின்ன அறை. கூண்டுக்காரர் தாழ்ப்பாளை நீக்கினார். உள்ளே கோணியின் மேல் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கழுவி வைத்த கிண்ணத்தில் தண்ணீர். கதவு திறந்ததும் கழுத்தை நீட்டி, வந்த எல்லோரையும் வழக்கம்போல முறைத்தான். டாக்டரம்மா குனிந்ததும் ஒரு கொத்து கொத்தப் பார்த்தான், அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பிளேட்டக்கா அவருக்குப் பின்னாலிருந்து முன்னே வந்தாள்.

வெள்ளைக் கோட்டைப் பார்த்தான் மாப்பிள்ளை. எழுந்து நின்றான். உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, இடது இறக்கையைத் தூக்கிக் காட்டினான்.

"அன்னிக்கும் இதத்தான் செஞ்சான்" என்றார் கூண்டுக்காரர்.

பிளேட்டக்கா அந்த அழுக்குத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "வேண்டாம்டா" என்றாள். "போதும்டா ராஜா. இனிமே எனக்குக் குடுக்க வேண்டாம். இறக்குடா."

அவன் இறக்கவில்லை. வாரா வாரம் நடந்ததைப் போல ஊசிக்காகக் காத்துக்கொண்டு, தூக்கிய இறக்கை லேசாக நடுங்க, அப்படியே நின்றான். அவள் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றிச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் அவன் இறக்கையை மடக்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போனான்.